எண்பத்தைந்து கிலோவும் என் கையெழுத்தும்

கல்லூரி அணியில் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை; ஆட்டத்தைப் பார்க்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியின் உடற்கல்வித் துறையில் நான் அலுவலக உதவியாளர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். போட்ட பிறகு மூன்றாவது முறை படித்துப் பயப்படுவேன். நீங்களும் படிவம் சரிபார்க்கும் நாற்காலியில் உட்காருபவர் என்றால் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு வீரரின் தகுதிப் படிவத்திலும் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அது என் கட்டம். தகுதியில்லாத ஆள் ஆடியது பிறகு தெரிந்தால் அணிக்கு ஒரு வருடம் தடை. ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் எனக்கு என்ன ஆகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த வருடம் மண்டலக் கபடிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எல்லா அணிகளின் படிவங்களும் என் மேசைக்கு வந்தன. எங்கள் கேப்டன் முருகவேல் பெண்ணாடத்துக் கரும்பு விவசாயியின் மகன். அவனுக்கு இது கடைசி வருடம். இங்கே ஆடிக் காட்டினால்தான் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள்.

அண்ணன் படம்

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, எங்கள் அணியிலேயே ஒரு படிவம் என்னைக் குழப்பியது. படத்தில் இருப்பவருக்கு அடர்த்தியான மீசை. எதிரே நிற்பவனுக்கு அரும்புமீசை. மழித்துவிட்டானோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் படத்தில் காது ஒட்டியிருந்தது. எதிரே இருந்த காது விரிந்திருந்தது. அடையாள அட்டையைக் கேட்டேன். அதிலிருந்த படம் இவனுடையதுதான். அப்படியானால் படிவத்தில் இருப்பது யார்?

ஆள்மாறாட்டம் என்றே முடிவு செய்து, எழுந்து நின்றுவிட்டேன். அவன் கொஞ்சமும் கலங்கவில்லை. "அது எங்க அண்ணன் மேடம். என் படத்துல நான் நல்லாவே இருக்க மாட்டேன். எங்க வூட்ல எது கேட்டாலும் அவன் படத்தைத்தான் குடுப்பாங்க" என்றான்.

போன வருஷமும் இருந்த ரூலு

வெளியூர் அணி ஒன்றின் ஆட்டக்காரர் பீங்கான் கம்பெனியில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு தபால்வழியில் படிப்பவர். தினமும் கல்லூரிக்கு வந்து படிப்பவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அணியின் மேனேஜர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கு உடம்பு சரியில்லையோ என்பது போலப் பார்த்தார்.

விதிப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "ரூலு இல்லன்னு நான் சொல்லவே இல்லைங்க மேடம். போன வருஷமும் இதே ரூலு இருந்துச்சு, இதே பையனும் இருந்தான், ரெண்டும் ஒண்ணையொண்ணு ஒண்ணும் பண்ணிக்கல."

பெயர் இல்லாத புகார்

போட்டியன்று காலை, இன்னொரு அணியின் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். எதிரணி வீரர் தகுதியற்றவர், உடனே விசாரிக்க வேண்டும் என்ற புகார். அழகான கையெழுத்து, கீழே முத்திரைகூட இருந்தது. ஆனால் வீரரின் பெயர் வரவேண்டிய இடம் காலி. எந்த அணி என்ற இடமும் காலி.

மறந்துவிட்டாரோ என்று பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. "இருக்கட்டும்மா, மேட்ச் முடியட்டும். யாரு நம்மளை அதிகமா அவுட்டு பண்றாங்கன்னு பார்த்துட்டு எழுதிக்கலாம்" என்றார்.

தராசு

ஆண்கள் கபடிக்கு எண்பத்தைந்து கிலோதான் வரம்பு. எடை பார்க்கும் நேரத்தில் எங்கள் துறையின் மெஷின் உயிரை விட்டது. உடற்கல்வி இயக்குநர், எங்களுக்கு பி.டி. சார், பக்கத்துப் பீங்கான் கம்பெனியில் கேட்டு ஒரு தராசை வரவழைத்தார். வட்ட முகமும் பெரிய முள்ளும் கொண்ட பழைய மேடைத் தராசு. முருகவேல் ஏறினான். எண்பத்து நாலு. வெளியூர்க் கனத்த ஆட்டக்காரர்களும் ஏறினார்கள். ஒருவர்கூடத் தாண்டவில்லை. மேனேஜர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. யாரும் பார்க்காதபோது நானே ஏறிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இளைத்திருந்தேன். அந்தக் கம்பெனியில்தான் அம்மா பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கிறாள். போன் போட்டேன். களிமண் வைக்கும் டிரே இரண்டு கிலோ இருக்குமாம். தினமும் அதைக் கழிக்க வேண்டாமென்று, முள்ளையே பூஜ்ஜியத்துக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆட்களையும் அதில்தான் எடை போட்டோம் என்றேன். அம்மா சிரித்தாள். "டிரேவைக் கையில குடுத்து ஏத்தியிருந்தா சரியா காட்டியிருக்கும்டீ."

ஒரு மணி நேரம்

பி.டி. சாரிடம் சொன்னேன். அவர் மைதானத்தைப் பார்த்தார், முருகவேலைப் பார்த்தார். "எல்லா டீமுக்கும் அதே தராசுதானே பிரியா? எல்லாருக்கும் ரெண்டு கிலோ தள்ளுபடி. இதுல யாருக்கு நஷ்டம்?" என்றார். படிவத்தில் எண்பத்து நாலு என்று இருக்கிறது சார், கீழே என் கையெழுத்து இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சார் படிவத்தை வாங்கி என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு முள்ளைச் சரியான இடத்துக்குத் திருப்பச் சொல்லி விசில் ஊதினார்.

மறுபடி எடை போட்டதில் நாலு அணிகளில் ஆறு பேர் வரம்பைத் தாண்டினார்கள். முருகவேல் எண்பத்தாறு. எடையைக் குறைக்க ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். ஆறு பேரும் ஸ்வெட்டருக்கு மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். காலையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டவர்கள் மூன்றாவது சுற்றில் சேர்ந்து என்னைத் திட்டிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து பேர் தேறினார்கள். முருகவேல் எண்பத்தைந்தரையில் நின்றுவிட்டான். அவன் இல்லாத எங்கள் அணி அரையிறுதியில் மூன்று புள்ளியில் தோற்றது. என் ஒப்பந்தம் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

சாயங்காலம் முருகவேல் என் மேசைக்கு வந்தான். நான் ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவன் தன் படிவத்தைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தான். "விடுங்க மேடம். எங்கம்மா மூணு வருஷமா நான் இளைச்சுட்டேன், இளைச்சுட்டேன்னு பொலம்பிக்கிட்டு இருக்குது. எண்பத்தஞ்சரைன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, வூட்ல காட்டணும்."

சரிபார்ப்பது என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், பெரும்பாலும் நம்ம ஆளை வெளியே உட்கார வைப்பது என்று சொல்வேன்.