எல்லாவற்றிலும் ஒட்டிய புரதம்

கஹவத்தைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் புரதம் செய்கிறேன். சாப்பிடுகிற புரதம் அல்ல. புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை, அடையாளம் கண்டு அவற்றின் மேல் மட்டும் ஒட்டிக்கொள்ளும்படி நாங்களே திட்டமிட்டு அமைக்கிற மிகச் சிறிய புரதம். அதோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், அது ஒட்டிய இடமெல்லாம் நுணுக்குக்காட்டியில் பச்சையாகத் தெரியும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் யாராவது கேட்டால் நான் அரை மணித்தியாலம் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஒருநாள் என் ஆய்வுத் தட்டிலிருந்த புற்றுநோய்க் கலங்கள் பச்சையாக ஒளிர்ந்தன. போட்டோ எடுத்து உடனே அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் அதைக் கஹவத்தை டவுனில் பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அடுத்த லீவுக்கு நான் ஊருக்கு வந்தபோது, அந்தச் சுவரின் முன் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றேன். ஜெபம் பண்ணுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் குசினியில் அண்ணியிடம் என் கண்டுபிடிப்பை விளக்க ஆரம்பித்தேன். அண்ணி அதே தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர். அவருக்குப் புரிய வேண்டுமே என்று, மரத்து வெட்டில் காய்ந்து கையில் பிசுபிசுக்கும் ஒட்டுப்பாலை உதாரணம் காட்டினேன். அந்த மாதிரித்தான் என் புரதமும் புற்றுநோயில் ஒட்டும் என்றேன்.

அண்ணி கொஞ்சம் யோசித்தார்.

"ஒட்டுப்பாலு எல்லாத்துலயுந்தான ஒட்டும். நல்ல எடத்துல ஒட்டாதுன்னு பாத்தியா?"

படித்தவர்கள் சிரிக்கிற ஒரு சிரிப்பு இருக்கிறது. அதைச் சிரித்தேன். அப்படி ஒட்டாத மாதிரித்தான் அமைத்திருக்கிறோம் என்று சொல்லி விளக்கத்தில் மேலே போனேன்.

சாப்பிடும்போது நான் அரைத்த சம்பலை அண்ணி தொடவே இல்லை. சோற்றில் பருப்புத் தண்ணீரை ஊற்றி மெல்ல விழுங்கினார். என் சமையல் பிடிக்கவில்லை போலும் என்று மனசுக்குள் சுணங்கினேன். இரண்டு கிழமையாக வாய் எரிகிறது, காரம் பட்டால் தாங்க முடியவில்லை என்று அவரே சொன்னார். விட்டமின் குறைவாக இருக்கும், கீரை சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து புரதத்தைத் தொடர்ந்தேன். அவர் வருஷக்கணக்காக வெற்றிலை போடுகிறவர் என்பது எனக்குத் தெரியாததல்ல.

கொழும்புக்குத் திரும்பியதும் என் பேராசிரியை படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆரோக்கியமான கலங்களில் போட்டுப் பார்த்தாயா என்று. அண்ணி கேட்ட அதே கேள்வி, ஆங்கிலத்தில். போட்டுப் பார்க்கவில்லை. முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை அதுதான். படத்தின் அழகில் மயங்கித் தள்ளிப்போட்டிருந்தேன். மறுநாள் செய்தேன். ஆரோக்கியமான கலங்களும் பச்சை. தட்டின் அடியில் இருந்த கீறல்கூடப் பச்சை. என் புரதம் யாரையும் ஒதுக்காமல் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது.

அண்ணனுக்குப் போன் பண்ணி, அந்தப் படம் பிழை, கழற்றிவிடுங்கள் என்றேன். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அதே கிழமை, தோட்டத்துப் பிள்ளைகளை நிறுக்க வந்த மருத்துவிச்சி, அண்ணி முகத்தைச் சுளித்துக்கொண்டு தேநீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறார். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்திருக்கிறார். வெற்றிலையை அடக்குகிற கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படை. உடனே இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவருடைய கருவி ஒரு டோர்ச்சும் இரண்டு கண்களும் மட்டுமே.

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "நீ இதத்தான படிக்கிற. கொஞ்சம் கூட வா."

இரத்தினபுரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். அண்ணி தயங்காமல் சிங்களத்தில் பதில் சொன்னார். நான் இடையில் புகுந்து, அரைகுறைச் சிங்களத்தோடு ஆங்கிலத்தைக் கலந்து, இரண்டு பேருக்கும் விளங்காத எதையோ சொன்னேன். இவள் என் நங்கி, அதாவது தங்கச்சி, இந்த நோயைப் பற்றித்தான் படிக்கிறாள் என்று அண்ணி பெருமையாக அறிமுகப்படுத்தினார். டொக்டர் மரியாதையோடு என் பக்கம் திரும்பி, அப்படியென்றால் இதை நீங்கள் முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார்.

அவள் கொழும்பிலே இருக்கிறவள், இன்றைக்குத்தான் இதைக் கேள்விப்பட்டாள் என்று எனக்காக அண்ணி பொய் சொன்னார்.

கன்னத்திலிருந்து சின்னத் துண்டு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கிடைத்த கட்டுரைகளையெல்லாம் வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பயம் கூடியது. அண்ணியோ ஒருநாள்கூட நிற்காமல் பால் வெட்டப் போனார். நான் போன் பண்ணும்போதெல்லாம், நீ சாப்பிட்டியா என்று அவர்தான் கேட்டார்.

புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். படையை வெட்டி எடுத்தார்கள். வெற்றிலையை அடியோடு நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அண்ணி வெற்றிலையை விட்டார். முதல் மாதம் வீட்டில் யாரும் அவர் கிட்டப் போக முடியவில்லை என்று அண்ணன் சொன்னார்.

நானும் என் புரதத்தின் ஒட்டுகிற பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது புற்றுநோய்க் கலங்கள் ஒளிர்கின்றன, மற்றவை இருட்டாக இருக்கின்றன. தட்டில் மட்டும்தான். மனித உடம்புக்குள் அது என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாது.

முதல் மூன்று மாதச் சோதனை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி கேட்டார். "ஒன்னோட சாமான் இருந்திருந்தா வாயில வெட்டாமயே கண்டுபிடிச்சிருப்பாங்களா?"

அரை மணித்தியாலப் பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலீங்க அண்ணி," என்றேன்.

அவர் தலையாட்டினார். அடுத்த சோதனைத் திகதி எழுதிய துண்டை எடுத்துக் காட்டி, அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். அப்போது நான் இன்னும் யாரிடமும் லீவு கேட்டிருக்கவில்லை.