கயாவின் கூண்டும் ஜமால் பாய் தன் மேல் போட்டுக்கொண்ட பழியும்

ஜமால் பாய் போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

எலி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் மனைவி மைமூன் அக்கா இரண்டு வரி போட்டிருந்தார். நான் வேலை செய்யும் பல் கிளினிக் கவுன்டரில் ஒரே பேஷன்ட் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டேன்.

தெரியாதவர்களுக்கு... பாய்க்குச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சூட்கேஸ் கடை. பெரிய உடம்பு, கறாரான பேச்சு. கடைப் பின்கட்டில் எலி ஓடினால் மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுவார், வீட்டிலோ ஏழு ஆண் எலிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

என்னிடம் அப்போது மூன்று, எல்லாம் ஆண், எல்லாவற்றுக்கும் சாப்பாட்டுப் பெயர். கயாவும் புட்டுவும் அண்ணன் தம்பி. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து நான் வாங்கிவந்த குட்டி ரோஜாக்.

ஏழு மாதம் ஆனதும் கயாவின் குணம் மாறியது. முதுகு மயிர் சிலிர்க்கும், பல்லை நறநறவென்று கடிப்பான், ரோஜாக்கைப் பக்கவாட்டில் இடித்துக் கூண்டின் மூலைக்குத் தள்ளுவான்.

ஒருநாள் இரண்டும் பந்து மாதிரி உருண்டு சண்டை போட்டன. யோசிக்காமல் கையை உள்ளே விட்டேன்... ஆள்காட்டி விரலில் நாலு தையல்.

"அதை யாருக்காவது குடுத்துடு. இல்லன்னா மிருக டாக்டர்கிட்ட கொண்டுபோய் ஊசி போட்டு முடிச்சிடு," என்றார் என் கணவர் செல்வா. கத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

விரலைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். மறுநாள் மதியம் பாய் கடையை மூடிவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறி, ஊரின் வடகோடியில் மார்சிலிங்கில் எங்கள் வாசலில் நின்றார். அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை.

"கையை யாரு உள்ள விடச் சொன்னா? வீட்டுல டவல் இல்லையா?"

சமையலறைத் தரையை வினிகர் போட்டுத் துடைக்கச் சொன்னார். எந்த எலியின் வாசமும் இல்லாத இடம் வேண்டுமாம். மூன்றையும் இறக்கிவிட்டு, தடித்த டவலை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

கயா ரோஜாக்கை மல்லாக்கத் தள்ளி மேலே ஏறிக்கொண்டான். ரோஜாக் வீறிட்டது. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க தங்கச்சி. ரத்தம் வருதா? வரல. யாரு பெரியவன்னு முடிவு பண்றாங்க. நடுவுல போனா நாளைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க."

உட்கார்ந்தேன். 

கொஞ்ச நேரத்தில் கயாவின் உடம்பு முழுக்க மயிர் எழுந்து நின்றது. வால் தரையில் இப்படியும் அப்படியும் அடித்தது. பாயின் குரல் இறங்கியது. "இது வேற."

கயா பாய்வதற்குள் டவல் அவன் மேல் விழுந்தது. சுருட்டித் தூக்கிவிட்டார்.

"நியூட்டர் பண்ணணும், விதையை எடுத்துடணும். பண்ணிட்டு நாலு வாரம் தனியா வைங்க. உடம்புல இருக்கிற சூடு இறங்க அவ்ளோ நாளாகும்."

"பண்ணா சரியாயிடுமா பாய்?" என்று செல்வா கேட்டார்.

"நிறைய பேருக்கு ஆயிருக்கு. இவனுக்கு ஆகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது லா."

ஆபரேஷன் முடிந்து இரண்டரை வாரம். கயா சாதுவாகத் தெரிந்தான். எனக்குப் பொறுக்கவில்லை... வீடியோ காலில் பாய்க்குக் காட்டினேன். அங்கே கடையில் கூட்டம், யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சேர்த்துடலாமா பாய்? பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கான்."

"நாலு வாரம் சொன்னேனே..." என்று இழுத்தார். நான் திரும்பக் கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். "சரி, நல்லாத்தான் இருக்கான். விடுங்க," என்றார்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தபோது, ரோஜாக் கூண்டிலிருந்த மரக்குடிலுக்குள் கடிபட்டு ஒடுங்கிக் கிடந்தது. ஒரே வாசல் உள்ள குடில். கயா அந்த வாசலில் நின்றிருந்தான்.

மிருக டாக்டரிடம் ஓடினோம். இரண்டு நாள் உயிரோடு இருந்தது. அப்புறம் இல்லை.

பாய்க்கு போன் போட்டேன். "நீங்க விடுங்கன்னு சொன்னதாலதான் செத்துச்சு," என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். 

அன்றைக்கே பாய் குரூப்பில் எழுதினார். "மார்சிலிங் தங்கச்சியோட எலி என் அவசரத்தால செத்துப்போச்சு. நாலு வாரம் முடியல, சேர்க்கச் சொன்னது நான். ஒரே வாசல் இருக்கிற குடிலை எடுக்கச் சொல்லவும் மறந்துட்டேன். யாரும் என்னை மாதிரி பண்ணாதீங்க."

அதற்குப் பிறகு சிலர் அவரிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் கிண்டலாகக்கூட எழுதினார்.

மூன்று தடவை கேட்டது நான் என்று அவர் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

நாலு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன், அதைச் சொல்லத்தான். பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். அவரே கேட்டார், "கயா எப்படி இருக்கான்?"

"தனியாத்தான் இருக்கான். பார்க்கவே பிடிக்கல பாய்."

"என் மேலயும் கோவமா?"

பக்கத்துப் பெட்டியின் ஜிப்பைத் திறந்து மூடினேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டார். "உக்காருங்க, டீ சொல்றேன்."

டீ குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறு வாரம், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னப் பெட்டியில் கயாவையும் புட்டுவையும் பத்து நிமிடம், அப்புறம் அரைமணி, அப்புறம் ஒரு மணி என்று ஒன்றாக வைத்துப் பழக்கினார். நானும் செல்வாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆறாவது ஞாயிறு புட்டு கயாவின் காதை நக்கியது. பாய் டவலை மடித்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குரூப்பில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். ரோஜாக் விஷயத்தில் அவசரப்பட்டது நான். பாய் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். மதியத் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறார்களாம். இப்போதுதான் மைமூன் அக்கா போன் செய்தார். 

"அவர் படுத்ததிலேர்ந்து கூண்டுல ரெண்டு பேரு முறைச்சிக்கிட்டே இருக்காங்க. எனக்குக் கிட்டப் போகப் பயமா இருக்கு. நீ வர்றியாம்மா?"

"வர்றேன்க்கா."

போய் வாருங்கள் பாய்.