கராஜில் ஒரு கொடி

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்து குடியேறிய பக்குரங்காவில், எங்கள் கராஜுக்குள் கார் நின்றதே இல்லை. என் கணவர் அங்கே விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பழைய கார் ஒன்றின் ரோட்டரி எஞ்சினை அதில் பூட்டியிருந்தார். மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டன் இல்லாததால் அதிர்வே இராது என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தார்.

ஒரு குளிர்காலத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் முழு விமானமும் நடுங்கியது. எஞ்சினைக் கழற்றி என் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். பூட்டினார், திரும்பவும் கழற்றினார். நாங்கள் குசினியில் நின்றபடி சாப்பிட்டோம்.

"மேசையை எப்ப விடுவியள்?" என்று கேட்டேன்.

"முதல்ல பிழை பிடிபடட்டும்."

கடைசியில் பறக்கும் கிளப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். விமானத்தின் முன்னாலிருந்த மர விசிறியைக் கழற்றி, நடுத்துளையில் கம்பி செருகித் தாங்கினார். எப்படித் திருப்பிவிட்டாலும் ஒரே இறகுதான் கீழே போனது. விசிறி மாதக்கணக்கில் செங்குத்தாக நின்றதால் ஈரம் கீழ் இறகில் இறங்கிக் கனத்துவிட்டது என்றார். போகவர இடிக்கிறது என்று அதை அப்படித் திருப்பி வைத்தவர் என் கணவர்தான்.

அவரோ தலைக்கு மேலே உடுப்புக் காயப்போட நான் கட்டியிருந்த கொடியைப் பார்த்தார்.

"இவவின்ர ஈர உடுப்பாலதான்."

பிறகு போன விருந்துகளிலெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். கொடியில் தொங்கியவை யாருடைய சட்டைகள் என்று ஒருவரும் கேட்கவில்லை.