உட்கார்ந்து செய்யும் பணிக்குத் தகுதியானவர்

மருத்துவக் குழுவின் முன் வர இயலாத ஊழியரை அவர் இருக்குமிடத்திலேயே பரிசோதிக்கலாம். கையெழுத்திட இயலாதவர் பெருவிரல் ரேகை வைத்தால் போதும். அதிகாரி ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. நான் மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன். இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதித்தான் குடும்பம் நடத்தினேன். முதல் விதியைச் சுட்டி மனு கொடுத்தேன். வண்டி இல்லை என்றார்கள். இரண்டாவது விதியை என் மனைவியே ஏற்கவில்லை.

கிரேஸ் தில்லி அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. மயூர் விஹாரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். 2002ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள், பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தாமாக விட்டுவிட்டன என்றாள். குளிர்தான் காரணம் என்று இருவரும் முடிவு செய்தோம். கோடை வந்தும் விரல்கள் அந்த முடிவை ஏற்கவில்லை.

இ.எம்.ஜி. (தசையில் ஊசி செலுத்தி மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவது; புத்தி மட்டும் தெளிவாகவே இருக்கும்) என்றார் நரம்பியல் மருத்துவர். குணமாகுமா என்று கேட்டேன். இல்லை என்றார். கிரேஸின் கேள்வி வேறு: "பரீட்சை வரைக்கும் போர்டுல எழுத முடியுமா டாக்டர்?"

முடியவில்லை. விடுப்புகள் தீர்ந்துகொண்டிருந்தன. எஞ்சியிருந்த வழி இயலாமை ஓய்வூதியம் (நோயால் வேலை செய்ய முடியாதவருக்கு முன்கூட்டியே தரப்படுவது). அது கிடைத்தால் மருத்துவ அட்டை (இருவரும் அரசு ஊழியர் என்பதால் குடும்பத்துக்கு ஒன்றுதான், அவள் பெயரில்) தொடரும். மூச்சு இயந்திரமும் (முகமூடி வழியாகக் காற்றை உள்ளே தள்ளும் கருவி) அதன் மூலம் கிடைக்கும். குளிர்காலத்துக்குள் அது தேவைப்படும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் அவள் அனுமதியின்றிப் பணிக்கு வராதவள், அட்டையும் இல்லை. நாங்கள் மருத்துவக் குழுவுக்குப் போனது அந்த மூச்சுக்காகத்தான்.

மை அட்டை வாங்கி வந்தேன்.

"இது என்னத்துக்கு?" என்றாள்.

"விரல் ரேகை வைக்கலாம்னு விதி இருக்கு."

"கைநாட்டா? நான் வைக்கமாட்டேன், பாத்துக்கிடுங்க."

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த மகள் சுஜா குறுக்கிட்டாள்: "மம்மி, ப்ளீஸ். அங்கூட்டா வெச்சிடு. யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்லா?"

காரணம் எனக்குத் தெரியும். அவள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் பலர் யமுனைக் கரைக் குடிசைகளில் இருந்தவர்கள். மதிப்பெண் அட்டையில் கட்டைவிரலை வைப்பார்கள். கிரேஸ் அதை வாங்கமாட்டாள். அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, பெயரை இந்தியில் எழுதப் பழக்கி, அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுப்புவாள். சிலர் அழுதுகொண்டே எழுதினார்களாம். எத்தனையோ ஆண்டுகள் இதைச் செய்தவளிடம் நான் மை அட்டையை நீட்டினேன்.

குழு கூடிய நாளில் கஞ்சிபோட்ட காட்டன் புடவை கட்டச் சொன்னாள். சுஜா கட்டிவிட்டாள். இந்த வரிசையில் நிற்கப்போகிறவர்கள் கவனிக்க: நல்ல புடவை கட்டாதீர்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், வழக்கம்போல "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். கிரேஸ் இரண்டையும் செய்தாள்.

மூன்று மருத்துவர்கள் இருந்தார்கள். தலைவர் ஒரு தாளை நகர்த்தி, "மேடம், சைன் கர் தீஜியே" என்றார். கிரேஸ் என் பேனாவை வாங்கினாள். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். மூவரும் வேறு தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்ததால் அதற்கு எவ்வளவு நேரமானது என்பதைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர்கள் கண்டது கையெழுத்தை மட்டும்.

"வாஹ் மேடம்! என் கையெழுத்தைவிட அழகாக இருக்கிறதே!" என்று இந்தியில் பாராட்டினார் தலைவர்.

"டீச்சர் ஹூம் நா" (டீச்சராச்சே நான்) என்றாள் கிரேஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே வராந்தாவில் அந்தக் கை மடியில் விழுந்தது. சாயங்காலம்வரை அதைத் தூக்க முடியவில்லை. "பாத்தியளா? ஒரு எழுத்துகூட கோணல" என்றாள்.

குழுவின் முடிவு வந்தது. 'ஒத்துழைக்கிறார். தெளிவாகப் பேசுகிறார். நடுக்கமின்றிக் கையெழுத்திடுகிறார். உட்கார்ந்து செய்யும் பணிக்குத் தகுதியானவர்.' வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அடுத்தபடி, உடனே பணியில் சேருமாறு பள்ளியிலிருந்து ஓர் ஆணை.

"அப்ப என் கையெழுத்துதான் கெடுத்துதா?"

"மூணு டாக்டர்மாருக்கும் கண்ணு தெரியாததுதான் கெடுத்துது."

"கணக்கு டீச்சர்ட்ட சமாதானம் சொல்லாதீங்க."

மேல்முறையீடு உண்டு. முதல் குழுவின் கணிப்பில் பிழை இருக்கக்கூடும் என்று ஒரு மருத்துவர் சான்றளிக்க வேண்டும். எங்கள் நரம்பியல் மருத்துவர் ஒரு பக்கம் எழுதினார். மனுவை நான் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே சுருக்கமானது அதுதான். இரண்டாவது குழு கூடுவதற்குள் அவள் கழுத்து தலையைத் தாங்க மறுத்தது, பேச்சு குழறியது, சோற்றைக் கூழாக்கிக் கொடுத்தோம்.

இம்முறையும் தாளை நகர்த்தினார்கள். கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தேன். சதை வற்றிய விரல். ரேகை சரியாக விழவில்லை. எழுத்தர் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். அவள் ஏதோ சொன்னாள். "க்யா?" என்றார் அவர்.

"நல்லா அழுத்தச் சொல்கிறாள்" என்றேன் இந்தியில்.

அழுத்தினேன்.

அதன் பிறகு காத்திருப்பு. அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை, மூச்சு திணறியது. எங்கள் சபையைச் சேர்ந்த நர்ஸ் ஒருவர், இனித் தேவைப்படாத ஒரு வீட்டிலிருந்து மூச்சு இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கித் தந்தார். அங்கே ஏன் தேவைப்படவில்லை என்று கிரேஸ் கேட்கவில்லை. இரவலைத் திருப்பிக் கேட்பார்களே என்று தபால்காரர் வரும் நேரமெல்லாம் நான் வாசலில் நின்றேன்.

பதில் வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். இத்தகைய கட்டுரைகளைப் படித்துப் பழகியவர்கள் வேறு முடிவுக்குத் தயாராக இருப்பார்கள், எனவே சொல்லிவிடுகிறேன். 'எவ்விதப் பணிக்கும் முற்றாகவும் நிரந்தரமாகவும் தகுதியற்றவர்' என்று நான் உரக்கப் படித்தேன். சுஜா "யெஸ்!" என்று கத்தி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண்ணைப் பற்றி இதைவிட மோசமாக எழுத முடியாது. நாங்கள் மூவரும் அதற்காக மகிழ்ந்தோம். கிரேஸ் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அப்போது அவளிடம் மிச்சமிருந்த ஒரே சொல் அது.

வீட்டில் நாங்கள் மாதங்களின் பெயரைச் சொல்வதை எப்போதோ விட்டிருந்தோம். தோசையைப் பிய்க்க முடியாமல் போனது ஒரு காலம். சுஜாவின் பெயர் வாயில் நிற்காமல் போனது இன்னொன்று. பதில் வந்தது, தண்ணீரும் தொண்டையில் இறங்காமல்போன வாரத்தில். ஆணையோ கிடைத்த நாளிலிருந்து அமலுக்கு வருமாம். ஆகவே அரசின் பதிவேட்டில் கிரேஸ் நோயாளியானது பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை.