மூட்டை கட்டும் கயிறும் முன்சக்கர ஸ்பிரிங்கும்

என் வீட்டுக்காரருக்குக் கயிற்றின் மேல் இருக்கிற நம்பிக்கை கட்டிய பெண்டாட்டி சொல்லின் மேல் கிடையாது. கயிறு என்றால், அவருடைய பிக்கப் வண்டியில் நெல் மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு இறுக்குகிற நைலான் கயிறு. வீட்டில் கதவு ஆடினாலும் அதுதான் வைத்தியம், மோட்டார் குழாய் விட்டுப்போனாலும் அதுதான். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஸ்பிரிங்கில் கொண்டுபோய்க் கட்டினார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சம்பா அறுவடை நேரம். வண்டியின் முன்சக்கர ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் டமால் டமால் என்று பல்லே ஆடும். புதிதாக ஒன்று வாங்கி வந்தார். பழையதைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். அந்த ‘அவ்வளவுதா’னில்தான் வினையே இருக்கிறது. ஸ்பிரிங்கை நன்றாக அமுக்கி, மேலே ஒரு நட்டுப் போட்டு அடக்கி வைத்திருப்பார்கள். அதைச் சரியாகப் பிடிக்காமல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் துள்ளிப் பாயும்; எதிரில் கை இருந்தால் கை, முகம் இருந்தால் முகம். பிடிப்பதற்கென்றே ஒரு ஜோடி கிளாம்ப் உண்டு. திருத்துறைப்பூண்டியில் அவருக்குப் பழக்கமான பட்டறையில் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டு. திங்கள் காலையில் தெருக்கோடி வீட்டுக்காரருடைய நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றித் தருவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். கிழக்கே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அன்று அவர் சர்ச்சுக்கு வரவில்லை. இடுப்பு வலி என்றார். நான் ஆராதனை முடிந்து வந்து பார்த்தால், வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பன்னிரண்டு நெல் மூட்டையும் வாசல் மண்ணில் கிடக்கின்றன. வண்டி ஜாக்கியின் மேல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இடுப்பு வலிக்காரர் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“என்னங்க கூத்து இது?”

“பாரத்துக்கு ஏத்துனேன். வண்டி அமுந்துச்சு, கூடவே ஸ்பிரிங்கும் அமுந்துச்சு. அப்படியே கயித்தைச் சுத்தி இறுக்கிட்டு மூட்டையை எறக்கிட்டேன். எப்புடி?”

மடிமேல் அந்த ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கைச் சுற்றி அவருடைய அருமைக் கயிறு, தார்ப்பாய்க்குப் போடுகிற அதே முடிச்சு. நட்டு இருக்கும் முனை அவருடைய தாடைக்கு நேராக இருந்தது.

“அடக் கடவுளே! கயிறு அறுந்தா என்னாகும்?”

“அறுபது மூட்டையைத் தாங்குற கயிறு. ஒரு ஸ்பிரிங்கைத் தாங்காதா? நீ உள்ள போயி சோத்தைப் பாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அரசு ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ். ‘தாங்கும்னு நெனச்சேன் சிஸ்டர்’ என்று சொல்லிக்கொண்டு வராத ஆள் அங்கே இல்லை. கதிர் அறுக்கும் மெஷினில் விரலை விட்டவர் முதல் தவிட்டு மில் பெல்ட்டில் கையைக் கொடுத்தவர் வரை எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கத்தினேன். கையெடுத்தும் கும்பிட்டேன். ஊம், ஊம் என்று கேட்டுக்கொண்டே ஸ்பேனரைத் தேடி எடுத்தார் மனுஷர்.

இனிப் பேசிப் பயனில்லை. சர்ச்சுக்குக் கட்டிப்போன பட்டுப்புடவையோடு அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். அவர் மடியிலிருந்த முனையைப் பிடித்து என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

“ம், கழட்டுங்க.”

“ஏய், வெளையாடாத. எந்திரி.”

“அதான் தாங்கும்ல? கழட்டுங்க.”

“எந்திரிங்கிறேன்ல!”

ஸ்பேனரை நட்டில் மாட்டினார். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கை அசையவில்லை. கொஞ்ச நேரம் நட்டைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஸ்பேனரை வேலியோரம் விட்டெறிந்துவிட்டு, “ஒங்கூட மனுஷன் குடும்பம் நடத்துவானா?” என்று பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினார். பட்டறைக்காரரை வீட்டில் தேடிப்போய், பிரியாணித் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கிளாம்பை வாங்கி வந்திருந்தார். முகம் உர்ரென்று இருந்தது. என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் எதிரெதிரே இரண்டு கிளாம்பையும் மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சமமாகத் திருகும்போது ஷாக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டேன். ஸ்பிரிங் சுருங்கச் சுருங்கக் கயிறு தளர்ந்தது. முடிச்சை அவிழ்த்து உருவினார். துருப்பிடித்த கம்பியில் உராய்ந்த இடத்தில் கயிறு முக்கால்வாசி அறுந்து, நான்கைந்து இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். “பாத்தீங்களா” என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

“நீ எதிர ஒக்காந்திருக்கறப்ப நான் கழட்டியிருப்பேன்னா நெனச்ச?” என்றார்.

“மாட்டீங்க, எனக்குத் தெரியும். நான் வர இன்னும் பத்து நிமிஷம் ஆயிருந்தா ஒங்க மூஞ்சிக்கு நேரா வச்சிக் கழட்டியிருப்பீங்க. அது ஒங்க மூஞ்சி மட்டும்தான்னு நெனச்சிக்கிட்டிருக்கீங்கள்ல, அதுலதான் எனக்கு வயிறு எரியுது” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்து தொலைத்தது.

அவர் ஸ்பிரிங் அசைகிறதா என்று விரலால் ஆட்டிப் பார்த்தார். கிளாம்ப்பின் பிடியில் அடங்கி, நட்டை அழுத்தாமல், தன் இடத்தில் அது லொடலொடவென்று ஆடியது. பிறகு ஷாக்கைத் தரையில் படுக்க வைத்து, முனையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார். என்னை ஒரு பக்கம் நகர்த்தி உட்கார வைத்துவிட்டு, தானும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நட்டைத் திருகினார்.