மீதி இருபத்தேழு

சூசைநாதன் வருஷத்தில் நாற்பது நாள்தான் சாராயத்தைத் தொடமாட்டார். தவக்காலத்தில் வில்லியனூர்ப் பக்கம் பாதிப் பேர் கறியை விடுவார்கள். இவர் சாராயத்தை விடுவார். மற்றபடி கரும்பாலையில் வண்டி எடைபோடும் குமாஸ்தா, கணக்கில் புலி. ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராகக் கடைக்குப் போய்விடுவார். அவரை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மனைவி எலிசாவுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

எழுபத்திரண்டாம் வருஷத் தவக்காலத்தில், கூட வேலை செய்யும் தங்கவேல் விளையாட்டாக ஒன்று கேட்டான். 1234567 என்று வரிசையாக நிற்கிறதே, ஒன்றையும் இதையும் விட்டால், வேறு எந்த எண்ணாவது இதை மீதியில்லாமல் வகுக்குமா? வகுக்காது, நிரூபிக்கிறேன் என்று இவர் நோட்டு வாங்கிவிட்டார். சாயங்காலத்துக்கு ஒரு பகா எண். 1111 வரை போனால் போதும்; அதற்கு மேலே ஒன்று வகுத்தால் அதன் ஜோடி கீழேயே அகப்பட்டிருக்கும். அதற்குள் பகா எண்கள் நூற்று எண்பத்தாறு இருக்கின்றன, நாற்பது நாளில் முடியாது என்பதை மட்டும் கணக்குப் புலி கணக்குப் போடவில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, கழித்தலை மனசுக்குள்ளேயே முடித்துவிடுவார். எலிசா கடலூர்க்காரி, இடப்பக்கம் எழுதி, ஒவ்வொரு கழித்தலையும் கீழே இறக்குவாள். "கடலூர்ல மனசால கழிக்கச் சொல்லித் தரலியா?" என்று அதற்கும் ஒரு நக்கல்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது 127 வந்தது. மீதி 27 என்று எழுதினார். மறுநாள் அவர் ஆலைக்குப் போனதும் எலிசா தன் வழியில் போட்டுப் பார்த்தாள். 915இல் 889 போனால் 26; மனுஷர் 25 என்று எடுத்திருந்தார். அவள் கணக்கில் மீதியே இல்லை. 127ஐ 9721ஆல் பெருக்கியும் பார்த்தாள், அச்சு அசலாக வந்தது. நக்கலுக்குப் பதில் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆனால் எண் இன்றைக்கு உடைந்து கணக்கு முடிந்துவிட்டால் ஈஸ்டர் அன்றைக்கு இவர் எங்கே இருப்பார்? நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

ஈஸ்டர் அன்று சூசைநாதன் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, 211ஆல் வகுக்க உட்கார்ந்தார். எலிசா அடுப்படியில் நின்று அழுதாள், சந்தோஷத்தில்தான்.

ஆகஸ்டில் கடைசிப் பகா எண் 1109ம் முடிந்தது. அவர் சட்டையை மாட்டினார்.

"ஜெயிச்சிட்டேன்டி. தங்கவேலு கையில சொல்லிட்டு, அப்டியே கடைப்பக்கம் போய்ட்டு வந்துடறேன்."

எலிசா நோட்டை மறுபடி அவர் முன்னால் வைத்தாள். "நூத்தி இருபத்தேழ இன்னொரு வாட்டி போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தவர், கழித்தலை முதல் தடவையாகக் கீழே எழுதிப் பார்த்தார். 25 என்று எடுத்த இடத்தில் 26 வந்தது; கடைசியில் மீதியே இல்லை.

"எப்போ கண்டுபுடிச்ச?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே."

அவர் காது சிவந்தது. "அஞ்சு மாசமா என்னக் கூமுட்டை ஆக்கிட்டு இருந்துகிறியே, இன்னாத்துக்குடி?"

"இந்த அஞ்சு மாசந்தான் நீங்க வூட்ல இருந்தீங்க."

சூசைநாதன் எழுந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"வேற நம்பர் சொல்லு," என்றார். "இதவிடப் பெருசா."