தெற்குச் சுவரோரம் ஒதுங்கிய கப்பல்கள்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். கல்யாணமான புதிதில் சொன்னது. பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், தவழ்ந்தார்கள், கப்பல்களை மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகினார்கள். போர் மட்டும் முடிகிற வழியாக இல்லை. அவளுடைய மெஷின் அடுக்களைக்குப் போகும் இருட்டு நடையிலேயே கிடந்தது. ரவிக்கைத் துணியை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்துதான் தைப்பாள். அப்படியும் கறுப்பு நூலுக்கும் கருநீல நூலுக்கும் வித்தியாசம் தெரியாமல் தைத்துவிட்டு உட்கார்ந்து பிரிப்பாள். பிரிக்கும்போது என் பக்கம் ஒரு பார்வை வரும். நான் குனிந்து ஏதாவது ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காரைக்காலில் பாசனப் பிரிவு அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று வருஷம் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டுக் காகிதமெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு வந்து சேர்ந்தது. கடலை மடிக்கப் போகவிருந்த கட்டிலிருந்து ஒரு பத்திரிகையை உருவினேன். அதில் ஒரு படம். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் இரண்டு பேர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, விரல் நீளக் கப்பல்களை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழுக்கைத் தலை ஆட்கள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அந்தக் கூச்சமின்மைதான் என்னைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். நான் சின்ன வயதிலிருந்தே எதைச் செய்தாலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் செய்கிறவன்.

கப்பல் செய்வது பெரிய வித்தை இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிற நெட்டி பிளேடுக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். பாய்மரத்துக்குத் துடைப்பத்திலிருந்து ஈர்க்கு, புகைபோக்கிக்குத் தீர்ந்துபோன பேனா ரீபிள், பீரங்கிக்குக் குண்டூசி. சைக்கிள் கடையில் சாம்பல் பெயிண்டும் நீலப் பெயிண்டும் மிச்சம் கிடைத்ததால் ஒன்று சாம்பல் படை, மற்றது நீலப் படை. மைதாப் பசை போட்டு ஒட்டியதில் முதல் கப்பலின் மூக்கைக் கரப்பான்பூச்சி தின்றுவிட்டது. அதற்குப் பிறகு பசையில் மயில்துத்தம் கலந்தேன். மூக்கறுந்த அந்த நீலக் கப்பலைத் தூக்கிப்போட மனம் வராமல் படையிலேயே வைத்துக்கொண்டேன்.

சிக்கல் விதிகளில்தான் இருந்தது. நாலு பக்கத்துக்கு பிரெஞ்சில் அச்சாகியிருந்தது. அலுவலகத்தில் பழைய வாய்க்கால் பதிவேடுகள் பிரெஞ்சில் இருந்ததால் எனக்குச் சில வார்த்தைகள் தெரியும், அவ்வளவுதான். எண்கள் எல்லா மொழியிலும் எண்கள்தானே என்று அட்டவணைகளைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்தேன். குண்டு பட்டால் ‘தூஷே’. அது படத்தைப் பார்த்தே புரிந்தது. மூன்று தூஷே ஆனால் ‘கூலே’ என்று இருந்தது. அது புரியவில்லை. எங்கள் தலைமை எழுத்தரிடம் போய், ஐயா, கூலே என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பழைய பதிவேடுகளிலேயே காலம் தள்ளியவர். தலையை நிமிர்த்தாமலே, ஓடுகிறது என்று சொன்னார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்று எழுத அந்த வார்த்தையைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டியும் காட்டினார்.

ஆக, மூன்று அடி வாங்கிய கப்பல் நீரோட்டத்தோடு ஓடும். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கடலோரத்தில் இருக்கிறவனுக்கு எப்படி வரும்? ஒரு ஐப்பசியில் காற்று கிளம்பியபோது கருக்களாச்சேரியிலிருந்து போன சில கட்டுமரங்கள் திரும்பவில்லை. என் மனைவியோடு பள்ளியில் படித்த ஒருத்தியை அந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் போன மரமும் வரவில்லை. இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தோம். கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் அந்த மற்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எங்கேயாவது ஒதுங்கியிருப்பாங்க, ஒதுங்கியிருப்பாங்க என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் வீட்டில் சோறு போடும்போதும் விளக்கேற்றும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சில நாள் கழித்து அந்தப் புருஷன் தெற்கே எங்கோ கரையேறி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். கூடப் போன இன்னொரு மரம் வரவில்லை. அதையும் இன்றுவரை ஒதுங்கியிருக்கும் என்றுதான் அந்த ஊரில் சொல்கிறார்கள்.

எனவே என் முன்னறைக் கடலிலும் அடிபட்ட கப்பல் ஒதுங்கியது. சிவப்பு சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கட்டங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டம் தெற்கே நகர்ந்து, கடைசியில் ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் போய் நிற்கும். மெஷினுக்கென்று நான் ஒப்புக்கொண்ட இடமும் அதுதான். சும்மா நிற்க விடவும் என்னால் முடியவில்லை. அடிபட்டதற்கு அடையாளம் வேண்டும் என்று ஒவ்வொரு தூஷேவுக்கும் ஒரு பாய்மரத்தையோ பீரங்கியையோ நானே ஒடித்துவிடுவேன். யாரும் கேட்காத கண்டிப்பு. ஒடித்ததை ஒட்ட வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும், காய வேண்டும், பிறகு வடக்கே கொண்டுபோய் மறுபடி படையில் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்தைச் செப்பனிட்டு முடிப்பதற்குள் மறுபக்கம் வந்து ஒதுங்கியிருக்கும். இதற்கு நடுவில் முழ நீளத்தில் ஒரு பெரிய பாய்மரக் கப்பலையும் ஆரம்பித்து வைத்தேன். அதன் விலா எலும்புகள் பரண்மேல் புழுதி குடித்துக்கொண்டிருந்தன. செய்ய உட்கார்ந்தால் விளையாட நேரமில்லை, விளையாட உட்கார்ந்தால் செய்ய நேரமில்லை. எதில் இருந்தாலும் மற்றதன் நினைப்பாகவே இருக்கும்.

எதிரே ஆளும் இல்லை. ஒருமுறை அலுவலக நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் விதிகளைக் கேட்டுக் கொட்டாவி விட்டார். டீயைக் குடித்தார். இதில் என்ன கிடைக்குது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. பதில் இருந்தால் தேவலை. அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை நானே உருட்டுவேன். சாம்பல் படைக்கு யோசித்துவிட்டு, எழுந்து சுற்றிவந்து நீலப் படையின் பக்கம் உட்கார்ந்து, இப்போது யோசித்ததை மறந்துவிட்ட மாதிரி யோசிப்பேன். தன்னைத்தானே ஏமாற்றுவது தினமும் முடிகிற காரியமில்லை. அலுத்துப்போய்க் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

அப்போது அவள் வந்து நிற்பாள். “என்னங்க, கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு? கப்பலா கவுந்துபோச்சு?”

“இல்ல, ஒதுங்கிடுச்சு” என்பேன். இந்தக் கேள்வி பதிலை நாங்கள் எத்தனை முறை சொல்லிக்கொண்டோம் என்பதற்குக் கணக்கில்லை. முதலில் சிரிப்போடு சொன்னோம். பிறகு பழக்கத்தில் சொன்னோம். எண்பதுகளில் எனக்குக் கண்ணாடி வந்து, குனிந்தால் இடுப்பும் பிடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, இரண்டு பேருமே சலிப்போடுதான் சொன்னோம்.

ஒரு நாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் முன்னறையில் உட்கார்ந்து ரவிக்கைக்குப் பேப்பரில் அளவு வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று காலைதான் அலமாரித் தட்டுகளுக்கு எல்லாப் பழைய செய்தித்தாளையும் விரித்திருந்தாள். அதனால் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறாள். அவள் மடியில் இருந்தது என் பிரெஞ்சுப் பத்திரிகை. விதிகள் இருந்த பக்கத்தின்மேல் கத்தரிக்கோல் நின்றிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பின்கட்டிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பதற்றப்படவில்லை. கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, இவ்வளவு சத்தத்துக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது என்கிற மாதிரி பக்கத்தை விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

அவள் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள் என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். ஆனால் அது பாட்டுத் தெரியும், கோலம் தெரியும் என்பதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட விஷயம். அந்த வரிசையிலேயே அதை விட்டுவைத்திருந்தேன்.

“மூணு அடி பட்டா முழுகிடும்னுல்ல போட்டிருக்கு” என்றாள். “நீங்க ஒதுங்கிடுச்சு ஒதுங்கிடுச்சுங்குறீங்க?”

“கூலேன்னா ஓடுறது. ஆபீஸ்ல கேட்டேன்.”

“தண்ணி கூலேன்னா ஓடுறது. கப்பல் கூலேன்னா முழுகுறது.” பக்கத்தை மடித்து என்னிடம் நீட்டினாள். “அப்படின்னா இந்தச் சண்டை எப்பவோ முடிஞ்சிருக்கணும்ல?”

முடிந்திருக்க வேண்டும். ஒரு மழைக்காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஒட்டிய பாய்மரங்கள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு குத்திய குண்டூசிகள், ஊதி ஊதிக் காய வைத்த சாம்பலும் நீலமும், எல்லாம் கடலடியில் இருந்திருக்க வேண்டியவை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கோபம் இறங்கியதும் அடியில் நிம்மதிதான் இருந்தது. உண்மையில் எனக்கு ரொம்ப நாளாகவே போதும் போதும் என்றிருந்தது. முடித்துக்கொள்ள விதியில் வழியில்லை என்பதால் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். இந்தமுறை ஒழுங்கான விதி. புளியங்கொட்டை உருண்டது. மூன்றாவது அடி விழுந்ததும் கப்பலை எடுத்துப் பிஸ்கட் டின்னில் போட்டேன். ஒடிக்கவில்லை, ஒட்டவில்லை. தரை இவ்வளவு வேகமாகக் காலியாகும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அதை எந்த வருஷம் எப்படிச் செய்தேன் என்பது கையிலேயே இருந்தது. மூக்கறுந்த நீலக் கப்பல் சாயங்காலம் வரை தாக்குப்பிடித்து, கடைசிக்கு முந்தின உருட்டலில் போனது. ஜன்னல் வெளிச்சம் மங்கும்போது தரையில் ஒரே ஒரு சாம்பல் கப்பல்தான் நின்றது. சாம்பல் படை ஜெயித்துவிட்டது. அந்தப் படையும் நான்தான், தோற்ற படையும் நான்தான். யாரிடம் போய்ச் சொல்வது? அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. கன்னத்தில் கை போனது.

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். பார்த்தாள். வழக்கமான கேள்விக்கு நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. தரையையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தத் தரையில், அந்தப் பக்கம், உட்கார்ந்ததில்லை. மெஷினை இன்றைக்கே நகர்த்திவிடலாம் என்று சொன்னேன். நகர்த்தலாம் என்றாள். பிறகு டின்னுக்குள் கையை விட்டுத் துழாவி, மூக்கறுந்த நீலக் கப்பலை வெளியே எடுத்தாள். தெற்குச் சுவரோரம், ஜன்னலுக்கு நேர் கீழே, கடைசிக் கட்டத்தில் வைத்தாள்.

“இது ஒதுங்கிடுச்சுன்னு வெச்சுக்குங்க” என்றாள்.

மூன்று அடி பட்டது, விதிப்படி அது முழுகிவிட்டது என்று சொல்லப் போனவன் எழுந்து நடைக்குப் போனேன். இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கிக்கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டோம். அந்தக் கப்பல் இருந்த கட்டத்தை மட்டும் விட்டு, கால்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம். அந்தத் தரையில் என்னைத் தவிர வேறு ஒருவர் நகர்த்திய ஒரே கப்பல் அதுதான்.